டி.என்.ஏ. நகலாகும்போது ஒரு இழை மட்டும் ஏன் துண்டு துண்டாக வருகிறது?

குடியாத்தம்_பிளஸ்டூ:

எல்லோருக்கும் வணக்கம். குடியாத்தம் பக்கம் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறேன், தமிழ் மீடியம், பயாலஜி குரூப். நீட்டுக்கும் சேர்த்துத்தான் படிப்பு. டி.என்.ஏ. இரட்டிப்பாதல் பாடத்தில் இரண்டு சந்தேகம்.

செல் பிரிவதற்கு முன்னால் டி.என்.ஏ. முழுவதும் ஒருமுறை நகலாக வேண்டும், ஹெலிகேஸ் இரண்டு இழையையும் பிரிக்கும், ஒவ்வொரு பழைய இழையையும் பார்த்து எதிரே ஒரு புது இழை வளரும், இதுவரைக்கும் நன்றாகவே புரிகிறது. புது இழையைக் கட்டுகிற என்சைமான பாலிமரேஸ் 5' முனையிலிருந்து 3' முனையை நோக்கி (இழையின் இரண்டு நுனிகளுக்கான பெயர்கள்) மட்டும்தான் கட்டும், அதனால் ஒரு இழை தொடர்ச்சியாகவும் இன்னொன்று ஒகசாகி துண்டுகளாகவும் வரும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அதை அப்படியே எழுதினால் மார்க் கிடைத்துவிடும். ஆனால் ஏன் அந்த ஒரு திசை மட்டும்? எதிர்ப்பக்கம் கட்டுகிற இன்னொரு பாலிமரேஸ் இருந்தால் துண்டே வேண்டாம், கட்டத் தொடங்குவதற்குத் துண்டுக்கு ஒரு பிரைமர் (குட்டி ஆர்.என்.ஏ. துண்டு) வேண்டாம், கடைசியில் ஒட்ட லிகேஸும் வேண்டாம். உயிர் தோன்றி இத்தனை கோடி வருஷத்தில் அப்படி ஒரு என்சைம் வரவே இல்லையா?

இன்னொன்று, மனித செல்லில் ஆயிரக்கணக்கான இடத்தில் ஒரே சமயத்தில் நகலெடுப்பு தொடங்குமாம். அப்படியென்றால் ஒரே இடம் இரண்டு தடவை நகலாகிவிடாமல் யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

தெரிந்தவர்கள் விரிவாகவே சொல்லுங்கள், நீளமாக இருந்தாலும் உட்கார்ந்து படிப்பேன்.


ஆற்காட்டு_வாத்தியார்:

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன்ம்மா. முப்பது வருஷத்துக்கு மேல் இந்தப் பாடத்தை நடத்தியவன், இதைக் கேட்கிற பிள்ளைகள் வகுப்புக்கு ஒன்றிரண்டு பேர்தான் இருப்பார்கள்.

வளர்கிற இழையின் நுனியை மட்டும் கிட்டப் போய்ப் பார். அந்த நுனியில், சர்க்கரையின் 3' இடத்தில், ஒரு ஓ.ஹெச். இருக்கிறது. அடுத்து சேர வருகிற நியூக்ளியோடைடு, அதாவது ஏ, டி, ஜி, சி என்ற நாலு எழுத்தில் ஒன்று, தன் 5' பக்கத்தில் மூன்று பாஸ்பேட்டை வரிசையாகக் கட்டிக்கொண்டு வருகிறது. நுனியிலிருக்கும் ஓ.ஹெச். போய் அந்த மூன்றில் சர்க்கரையை ஒட்டியிருக்கிற முதல் பாஸ்பேட்டைப் பிடிக்கும். பின்னால் இருக்கிற இரண்டும் சேர்ந்தாற்போல் கழன்று போகும். அது கழல்வதில் கிடைக்கிற ஆற்றலில்தான் பிணைப்பு விழுகிறது. கழன்ற ஜோடியும் பிறகு இரண்டாக உடைந்துவிடுவதால் வினை திரும்பி வருவதில்லை. ஆக, சேருகிற ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய ஆற்றலைத் தானே கொண்டுவருகிறது. இதை நன்றாகப் பிடித்துக்கொள், மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

இப்போது தப்பு நடக்கிறது என்று வை. பாலிமரேஸ் சராசரியாக லட்சத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தப்பான எழுத்தைச் சேர்த்துவிடும். ஏ-வுக்கு எதிரே டி வரவேண்டிய இடத்தில் சி வந்துவிட்டால் அந்த ஜோடி சரியாக உட்காராது, நுனி கொஞ்சம் தூக்கிக்கொள்ளும், பாலிமரேஸ் அடுத்ததைச் சேர்க்கத் தயங்கும். அந்தத் தயக்கத்தில் நுனி நழுவி, அதே என்சைமில் வெட்டுவதற்கென்றே இருக்கிற இன்னொரு குழிக்குள் போகும், கடைசி எழுத்து மட்டும் வெட்டுப்படும். வெட்டின பிறகு நுனியில் என்ன இருக்கிறது? பழையபடி அதே ஓ.ஹெச். எதுவும் கெட்டுப்போகவில்லை. அடுத்து வருகிறது தன் மூன்று பாஸ்பேட்டோடு வரும், வேலை நடந்துகொண்டே இருக்கும்.

நீ கேட்ட எதிர்த்திசை என்சைமை வைத்து இதையே ஓட்டிப் பார். இழை 5' பக்கம் வளர வேண்டுமானால் மூன்று பாஸ்பேட் வளர்கிற நுனியில் இருக்க வேண்டும், வருகிறது வெறும் ஓ.ஹெச்.சோடு வந்து அதைப் பிடித்துக்கொண்டு, தன்னுடைய மூன்று பாஸ்பேட்டை அடுத்ததற்கு விட்டுவைக்க வேண்டும். தப்பே வராதவரை இது ஓடும். தப்பு வந்து கடைசி எழுத்தை வெட்டினால் அந்த மூன்று பாஸ்பேட்டும் அதோடு போய்விடும். மிஞ்சுகிற நுனியில் ஆற்றல் இல்லை, அடுத்தது ஒட்டாது, இழை அங்கேயே நின்றுபோகும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் நுனிக்கு மறுபடி பாஸ்பேட் ஏற்ற தனியாக ஒரு ஏற்பாடு வேண்டியிருக்கும்.

அதாவது திருத்திக்கொண்டே கட்ட வேண்டுமானால் 5'-இலிருந்து 3'-க்குத்தான் கட்ட முடியும். இரண்டு பழைய இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் ஒன்று தொடர்ச்சியாக வரும், மற்றதை, இழைகள் பிரிகிற இடமான கவை திறக்கத் திறக்கப் பின்னால் பார்த்துத் துண்டு துண்டாகக் கட்டித்தான் ஆக வேண்டும். திருத்தம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குக் கணக்கு சொல்கிறேன். மனித செல்லில் இரண்டு செட் குரோமோசோமும் சேர்த்து 600 கோடிக்கு மேல் எழுத்து ஜோடி. லட்சத்துக்கு ஒரு தப்பு என்றால் ஒவ்வொரு பிரிவிலும் 60,000-க்கு மேல் தப்பு. நுனியிலேயே வெட்டித் திருத்துவதால் அது கோடிக்கு ஒன்று அளவுக்கு இறங்குகிறது, அதாவது 600 சொச்சம். அப்புறம் பின்னாலேயே ஒரு பழுதுபார்க்கும் கூட்டம் வந்து தப்பு ஜோடிகளைத் தேடிப் பிடித்து மாற்றும், அதற்குப் பிறகு விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் தேறும். இந்தக் கடைசிக் கூட்டத்தின் வேலையைக் கண்டுபிடித்ததற்காகத்தான் பால் மோட்ரிச் 2015-இல் வேதியியல் நோபலில் பங்கு பெற்றார். அந்தக் கூட்டத்தின் ஜீன் ஒன்று பழுதாகப் பிறந்த குடும்பங்களில் பெருங்குடல் புற்றுநோய் இளம் வயதிலேயே வருகிறது.

ஒகசாகி யார் என்று புத்தகத்தில் ஒரு வரிகூட இருக்காது. ரெய்ஜி ஒகசாகி, ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகம். அவரும் மனைவி சுனேகோவும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குக் கதிரியக்கத் தைமிடினை (டி எழுத்துக்கான மூலப்பொருள்) சில விநாடி மட்டும் கொடுத்து, உடனே நிறுத்தி, அந்த நேரத்தில் பிறந்த டி.என்.ஏ. எவ்வளவு நீளம் என்று பார்த்தார்கள். 1000, 2000 எழுத்து நீளத்தில் குட்டித் துண்டுகள் கிடைத்தன. கொஞ்சம் நேரம் விட்டுப் பார்த்தால் அதே கதிரியக்கம் நீள இழைகளில் போய்ச் சேர்ந்திருந்தது. 1968-இல் வெளியிட்டார்கள். சிறு வயதில் ஹிரோஷிமாவில் குண்டின் கதிர்வீச்சுக்கு ஆளானவர் அவர், 1975-இல் ரத்தப் புற்றுநோயில் இறந்தபோது வயது 44. சுனேகோதான் அந்த ஆய்வை விடாமல் கொண்டுபோனார், ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஆர்.என்.ஏ. பிரைமர் இருப்பதை உறுதிசெய்ததில் அவர் பங்கு பெரியது. பரீட்சையில் கேட்க மாட்டார்கள், ஆனாலும் தெரிந்துகொள்ளம்மா.


சத்துவாச்சாரி_லேப்:

வாத்தியார் சார் சொன்னதற்கு மேல் கெமிஸ்ட்ரி எனக்குச் சொல்லத் தெரியாது, ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறேன், ஆனால் நகலெடுப்பு நின்றால் செல் எப்படி இருக்கும் என்று தினமும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறேன், அதைச் சொல்கிறேன்.

அந்தப் பாஸ்பேட்டோடு வருகிற நாலு எழுத்தில் டி எழுத்தைத் தயாரிக்க ஃபோலிக் ஆசிட் வேண்டும். ஃபோலிக் ஆசிட் சரியாகச் சுழல பி12 வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் டி தட்டுப்பாடு. டி கிடைக்காத இடத்தில் ஆர்.என்.ஏ.வின் எழுத்தான யு போய் உட்கார்ந்துகொள்ளும், பழுதுபார்க்கிற என்சைம் அதை வெட்டும், நிரப்ப மறுபடி டி இருக்காது, மறுபடி யு வரும். இப்படியே இழை அங்கங்கே அறுந்து நிற்கும். எலும்பு மஜ்ஜை செல்கள் ஓயாமல் பிரிகிறவை என்பதால் முதலில் அடி வாங்குவது அவைதான்.

லீஷ்மன் சாயம் போட்ட ஸ்லைடில் எப்படித் தெரியும் என்றால், சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக, கொஞ்சம் முட்டை வடிவத்தில் இருக்கும். ஆர்.என்.ஏ.வும் புரதமும் தடையில்லாமல் உற்பத்தி ஆவதால் செல் உடம்பு வளர்ந்துகொண்டே போயிருக்கும், டி.என்.ஏ. முடியாததால் பிரிய முடியாமல் நின்றிருக்கும். நியூட்ரோஃபில் என்கிற வெள்ளணுவின் உட்கருவில் சாதாரணமாக மூன்று நாலு மடல் இருக்கும், இவர்களுக்கு ஆறு ஏழு மடல் வரை போகும், நடுவில் மெல்லிய நூல் மாதிரி இணைப்பு. எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 100-ஐத் தாண்டியிருக்கிறதென்று மெஷின் காட்டினால் நான் முதலில் தேடுவது இந்த நியூட்ரோஃபிலைத்தான். பால், தயிர், முட்டை எதுவும் சேர்க்காத சைவக்காரர்கள், வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்கள், இவர்களிடம் பி12 குறைவு வர வாய்ப்பு அதிகம். காரணத்தைக் கண்டுபிடித்து ஊசி போட்டால் மஜ்ஜை ஒரு வாரத்திலேயே சுறுசுறுப்பாகிவிடும், புதுச் சிவப்பணுக்கள் ரத்தத்தில் இறங்குவதை ரெட்டிகுலோசைட் எண்ணிக்கையில் பார்க்கலாம்.

இதே வழியை வேண்டுமென்றே அடைப்பதுதான் மெத்தோட்ரெக்சேட். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் கொடுப்பது. டி தயாரிப்பை நிறுத்திவிட்டால் வேகமாகப் பிரிகிற புற்றுச் செல் டி.என்.ஏ. நகலாகிற எஸ் நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். வாய்ப்புண், முடி கொட்டுவது எல்லாம் வருவதும் அதனால்தான், அந்த இடங்களில் இருக்கிற நல்ல செல்களும் வேகமாகப் பிரிகிறவை. வேலூருக்கு எங்கெங்கிருந்தோ பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், மருந்து இப்படித்தான் வேலை செய்கிறது என்று யாராவது தமிழில் ஒரு நிமிடம் சொன்னால் பெற்றவர்களுக்கு எவ்வளவோ தைரியமாக இருக்கும்.


குடியாத்தம்_பிளஸ்டூ:

சார், பாஸ்பேட் எந்தப் பக்கம் என்று படம் போட்டுப் பார்த்தேன், எதிர்த்திசையில் வெட்டினால் நுனி செத்துப்போவது தெளிவாகத் தெரிகிறது. ரொம்ப நன்றி. அக்கா, நீங்கள் சொன்ன யு விஷயம் எங்கள் புத்தகத்தில் இல்லவே இல்லை, நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இரண்டாவது கேள்வி இன்னும் இருக்கிறது. ஒரே இடம் இரண்டு தடவை ஏன் நகலாவதில்லை?


காட்பாடி_ரிசர்ச்:

அதற்கு நான் வருகிறேன், அதற்கு முன் வாத்தியாருடைய பதிலில் ஒரு சின்ன சேர்க்கை. எதிர்த்திசையில் சேர்க்கிற என்சைம் உலகத்தில் இருக்கிறது! டி.ஹெச்.ஜி.1 என்று பெயர், ஈஸ்ட்டிலும் நம்மிடத்திலும் இருக்கிறது, ஒரு வகை டிரான்ஸ்ஃபர் ஆர்.என்.ஏ.வின் 5' முனையில் ஒரே ஒரு ஜி எழுத்தைச் சேர்க்கும். அதன் வடிவத்தைப் பார்த்தால் சாதாரண பாலிமரேஸ் மாதிரியே இருக்கிறது. ஆக, தங்கச்சி கேட்ட மாதிரி என்சைம் வராமல் இல்லை, வந்தும் ஓரிரண்டு எழுத்தோடு நின்றுவிட்டது. கோடிக்கணக்கில் எழுத்து சேர்க்கிற வேலைக்கு எந்த உயிரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. வாத்தியார் சொன்ன காரணத்துக்கு இதுவே நல்ல சாட்சி என்று நினைக்கிறேன்.

இனி உன் கேள்வி. முதலில் ஏன் அத்தனை இடத்தில் தொடங்க வேண்டும்? மனித செல்லில் ஒரு கவை நிமிடத்துக்கு 2000 எழுத்து அளவில்தான் நகரும். முதல் குரோமோசோம் மட்டுமே கிட்டத்தட்ட 25 கோடி எழுத்து. நடுவில் ஒரே இடத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் போனால்கூட முடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். எஸ் நிலைக்குக் கிடைப்பதோ 8 மணி நேரம் அளவு. அதனால் பல்லாயிரம் இடத்தில் தொடங்கியே ஆக வேண்டும்.

இரண்டு தடவை ஆகாமல் இருப்பதற்குச் செல் செய்கிற ஏற்பாடு இதுதான்: ஹெலிகேஸை இழையில் ஏற்றுகிற நேரமும் அதை ஓட்டுகிற நேரமும் ஒருபோதும் ஒன்றாக வராது. எஸ் நிலைக்கு முந்தைய ஜி1 நிலையில் தொடக்க இடங்களில் ஓ.ஆர்.சி. என்ற புரதக் கூட்டம் உட்காரும், சி.டி.சி.6, சி.டி.டி.1 என்று இரண்டு துணை வந்து எம்.சி.எம். என்கிற ஹெலிகேஸ் வளையங்களை ஜோடி ஜோடியாக டி.என்.ஏ. மேல் மாட்டும். மாட்டினதோடு சரி, அவை ஓடாது. எஸ் நிலை தொடங்கும்போது சி.டி.கே. என்ற கைனேஸின் (மற்றப் புரதங்களில் பாஸ்பேட் ஒட்டுகிற என்சைம்) அளவு ஏறும், அது அந்த வளையங்களை ஓடவிடும். அதே சி.டி.கே. புது வளையம் மாட்டுகிற வேலையை அடைத்தும் விடும். போதாததற்கு ஜெமினின் என்று ஒரு புரதம் வந்து சி.டி.டி.1-ஐக் கட்டிப்போடும். ஓடத் தொடங்கிய வளையம் கவையோடு போய்விடுவதால் தொடங்கின இடத்தில் மறுபடி தொடங்க ஆள் இல்லை. தொடங்காமல் சும்மா இருந்த இடத்தின் மேல் பக்கத்துக் கவை ஏறிப் போனால் அங்கிருந்த வளையமும் கழன்றுவிடும். செல் பிரிந்து முடிந்து சி.டி.கே. இறங்கி, ஜெமினினும் அழிக்கப்பட்ட பிறகுதான் அடுத்த தடவை மாட்ட முடியும். ஆய்வகத்தில் ஜெமினினை எடுத்துவிட்டால் பல செல்களில் ஒரே பகுதி திரும்பத் திரும்ப நகலாகி, டி.என்.ஏ. சேதமாகிப் போவதைப் பார்த்திருக்கிறார்கள்.

இந்தப் புரதம் எதுவும் தெரியாத காலத்திலேயே 1970-இல் ராவ், ஜான்சன் இருவரும் ஹீலா என்ற மனிதப் புற்றுச் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்தார்கள். ஜி1 செல்லை எஸ் செல்லோடு ஒட்டினால் ஜி1 உட்கரு சீக்கிரமாகவே நகலெடுக்கத் தொடங்கியது. ஏற்கெனவே நகலெடுத்து முடித்த ஜி2 செல்லை அதே எஸ் செல்லோடு ஒட்டினால் ஜி2 உட்கரு அசையவே இல்லை. தொடங்கு என்று சொல்கிற பொருள் பக்கத்திலேயே இருந்தும் அதற்கு இனி உரிமை இல்லை என்பது அந்த ஒரு சோதனையிலேயே வெளிச்சமாகிவிட்டது. எனக்கு இந்தத் துறையில் ரொம்பப் பிடித்த சோதனை இது.

இன்னொன்று யாரும் சொல்லவில்லை, முறுக்கு. குடியாத்தத்தில் தறி உள்ள வீட்டில் இரட்டைப் புரி நூலை எடுத்து, மறுமுனையை யாரையாவது பிடிக்கச் சொல்லி, இந்த முனையில் இரண்டு புரியையும் வேகமாகப் பிரித்துப் பார். பிரிக்கப் பிரிக்க முன்னால் முறுக்கு ஏறி நூல் சுருண்டுகொள்ளும். டி.என்.ஏ.வில் பத்தரை எழுத்துக்கு ஒரு முறுக்கு, பாக்டீரியாவில் கவை விநாடிக்கு 1000 எழுத்து ஓடுகிறது, விநாடிக்குக் கிட்டத்தட்ட நூறு முறுக்கு முன்னால் சேரும். டாப்போஐசோமரேஸ் அங்கே போய் இழையை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, திரும்ப ஒட்டிக்கொண்டே இருக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை தாக்குவது பாக்டீரியாவின் இந்த என்சைமைத்தான், வெட்டின நிலையிலேயே பிடித்து நிறுத்திவிடும்.


கரிகிரி_பக்கத்து_ஊர்:

பாக்டீரியாவின் வேகம் பற்றிப் பேச்சு வந்ததால் நானும் எழுதுகிறேன். ஈ.கோலை டி.என்.ஏ. 46 லட்சம் எழுத்து, ஒரே தொடக்க இடம், நகலெடுக்க 40 நிமிடம். ஆனால் நல்ல சாப்பாடு கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிரியும்! ஒரு சுற்று முடிவதற்கு முன்பே அடுத்த சுற்றைத் தொடங்கிவிடுவதால் பிறக்கிற குட்டியிடம் பாதி நகலான டி.என்.ஏ. ஏற்கெனவே இருக்கும். மேலே அண்ணன் சொன்ன ஏற்றும் நேரம், ஓட்டும் நேரம் என்கிற கட்டுப்பாடு நம் செல்களுக்குத்தான்.

இதற்கு நேர் எதிர் தொழுநோய்க் கிருமி. எங்கள் பக்கத்தில் கரிகிரி தொழுநோய் மருத்துவமனை 1955 முதல் இருக்கிறது, அதனால் இந்தக் கிருமியைப் பற்றிக் கேட்டே வளர்ந்தோம். அதன் டி.என்.ஏ. சுமார் 33 லட்சம் எழுத்துதான், ஈ.கோலையைவிடச் சின்னது, ஆனால் ஒருமுறை பிரிய இரண்டு வாரம் அளவு ஆகிறது. அதன் ஜீன்களில் ஆயிரத்துக்கு மேல் செயலிழந்து கிடக்கின்றன என்று 2001-இல் முழு வரிசையும் படித்தபோது தெரிந்தது. இன்றுவரை ஆய்வகத் தட்டில் அதை வளர்க்க முடியவில்லை, எலியின் பாதத்தில் வளர்ப்பார்கள். தொற்றிப் பல வருஷம் கழித்து நோய் தெரிவதற்கும் இந்த மந்தம் ஒரு முக்கியக் காரணம்.

லேப் அக்கா சொன்ன ஃபோலிக் ஆசிட் இங்கேயும் வருகிறது. தொழுநோய்க்குத் தினமும் கொடுக்கிற டாப்சோன், கிருமி தனக்கான ஃபோலேட்டைத் தயாரிப்பதைத் தடுக்கிறது. நாம் ஃபோலேட்டைச் சாப்பாட்டிலிருந்து எடுத்துக்கொள்வதால் அந்த வழியில் நமக்குப் பாதிப்பு இல்லை. மாத்திரையை நடுவில் நிறுத்தாமல் முழுக் காலமும் சாப்பிட வேண்டும் என்று அவ்வளவு வற்புறுத்துகிறார்களே, இவ்வளவு மெதுவாகப் பெருகுகிற கிருமி என்றால் ஏன் என்று புரியும்.


குடியாத்தம்_பிளஸ்டூ:

எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு கேள்வி மிச்சம். ஒகசாகி துண்டு ஒவ்வொன்றுக்கும் முன்னால் பிரைமர் வேண்டும், அதை எடுத்துவிட்டு டி.என்.ஏ.வால் நிரப்புவார்கள், சரி. குரோமோசோமின் கடைசி நுனியில் இருக்கிற துண்டின் பிரைமரை எடுத்தால் அந்த இடத்தை எதை வைத்து நிரப்புவது? பின்னால் பிடித்துக்கொள்ள ஓ.ஹெச். எதுவும் இல்லையே?


காட்பாடி_ரிசர்ச்:

நிரப்ப முடியாது தங்கச்சி, அந்த இடம் காலியாகவே நிற்கும். அதனால்தான் ஒவ்வொரு பிரிவிலும் நம் குரோமோசோம் நுனி கொஞ்சம் குட்டையாகிக்கொண்டு வருகிறது. ஈ.கோலைக்கு டி.என்.ஏ. வட்டமாக இருப்பதால் இந்தப் பிரச்சினையே கிடையாது. நமக்கு நுனியில் டி டி ஏ ஜி ஜி ஜி என்ற ஆறு எழுத்து ஆயிரக்கணக்கான எழுத்து நீளத்துக்குத் திரும்பத் திரும்ப வரும், அதுதான் டெலோமியர், தேய்வது அதில்தான் என்பதால் உள்ளே இருக்கும் ஜீன்களுக்கு உடனடி ஆபத்து இல்லை. விந்து, முட்டை உண்டாக்குகிற செல்களிலும் சில ஸ்டெம் செல்களிலும் டெலோமரேஸ் என்ற என்சைம் தன்னிடமே ஒரு ஆர்.என்.ஏ. அச்சை வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பழைய இழையின் 3' முனையை நீட்டிவிடும். கவனி, அதுவும் 5'-இலிருந்து 3'-க்குத்தான் கட்டுகிறது. நீண்ட முனைக்கு எதிரே வழக்கம்போல் ஒரு பிரைமர் போட்டு நிரப்பிக்கொள்வார்கள். பெரும்பாலான புற்றுச் செல்கள் இந்த என்சைமை மறுபடி முடுக்கிவிட்டுத்தான் ஓயாமல் பிரிகின்றன. பிளாக்பர்ன், கிரெய்டர், சோஸ்டாக் மூவரும் 2009 நோபல் வாங்கினது டெலோமியரும் டெலோமரேஸும் குரோமோசோமை எப்படிக் காக்கின்றன என்பதற்காக. நீட்டுக்கு டெலோமரேஸ் ஒரு ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. கட்டுகிற என்சைம்) என்பதை மட்டும் குறித்துக்கொள், வாத்தியார் சொன்ன மூன்று பாஸ்பேட் படத்தை நீயே போட்டுப் பார்த்துவிட்டாய் என்பதால் மற்றதை எப்படித் திருப்பிக் கேட்டாலும் எழுதிவிடுவாய்.